உளுந்தங்களியும் எஃப்எஸ்ஹெச்சும்

எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாதமும் மூன்று தேதிகள் உண்டு. ஆச்சி சொல்லும் தேதி, அம்மா காலண்டரில் குறித்து வைத்திருக்கும் தேதி, அப்புறம் உண்மையிலேயே வந்து நிற்கும் தேதி. மூன்றும் ஒத்துப்போன மாதம் என்று ஒன்று எனக்கு நினைவில்லை.

ஆச்சிக்குக் கணக்கெல்லாம் நிலாதான். "போன அமாவாசை கழிஞ்சு நாலாம் நாள் தலைக்குக் குளிச்ச. இந்தா அடுத்த அமாவாசை வருது. சூதானமா இருட்டி" என்பாள். நிலா 29 நாளும் அரை நாளும் என்று சொன்ன சொல் தவறாமல் சுற்றி வரும். என் உடம்புக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது.

அம்மா நவீனம். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ரைஸ்மில்லில் கொடுத்த மாதக் காலண்டரில், லட்சுமி படத்துக்குக் கீழே, தேதிக் கட்டத்தின் மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. பால்காரர் வராத நாளுக்கும் புள்ளிதான். மாசக் கடைசியில் அப்பா பால் கணக்குப் போட உட்கார்ந்தால் எந்தப் புள்ளி எதற்கு என்று அவரிடம் பிரித்துச் சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. பாவம், பால்காரருக்கு மாதாமாதம் ஒன்றிரண்டு நாள் காசு குறைந்தே போனது.

நான் பெரியவளானது 1989-ல். மூன்று நாளும் பின்கட்டுத் தாழ்வாரம். ஒரு கோரைப்பாய், நசுங்கின அலுமினியத் தட்டு, டம்ளர். ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் பூசணம் பிடிக்கும், கறிவேப்பிலைக் கன்றுப் பக்கம் போனால் பட்டுப்போகும் என்று சட்டதிட்டங்கள். அவ்வளவு சக்தி உள்ள ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு கொசுவை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது சிலர், அது பெண்களுக்கு ஓய்வு கொடுக்கப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு என்று மேடையில் பேசுகிறார்கள். அந்தப் பாயில் படுத்து எழுந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

தேதி முந்தி வந்தால் ஆச்சியின் தீர்ப்பு, "உடம்பு சூடு." பிந்தி வந்தால், "உடம்புல தெம்பு இல்ல." இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்கக் கிண்டிய உளுந்தங்களி. அதற்கு மேல் கவலைப்பட அவளுக்கு நேரமில்லை. "புதுசுல அப்படித்தான் முன்னப்பின்ன வரும். ரெண்டு மூணு வருசம் போனா ஒரு நிலைக்கு வரும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை இடிக்கப் போய்விடுவாள்.

இப்போது எனக்கு 24 வயதில் ஒரு மகள். சென்னையில் வேலை. அவளுக்குத் தீட்டு கிடையாது, தாழ்வாரம் கிடையாது, பாய் கிடையாது. கையில் ஒரு ஆப் இருக்கிறது. ஆச்சி இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பாள். ஆப் விடிந்ததும் "தாமதம்" என்று சொல்லிவிடும். அன்றைக்கு மனநிலை எப்படி, முகத்தில் பரு உண்டா, தூக்கம் எத்தனை மணி நேரம் என்று அது கேட்கிற கேள்விகளை எங்கள் வீட்டில் சம்பந்தி வீட்டார்கூடக் கேட்டதில்லை.

போன வருஷம் ஒரு தள்ளுபடி வந்தது. பெண்களுக்கான முழு ஹார்மோன் பேக்கேஜ். காலை ஆறரைக்கு ஒரு பையன் ஹெல்மெட்டோடு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனான். ராத்திரி பதினொரு மணிக்கு ரிப்போர்ட் செல்போனில் வந்தது. புரோஜெஸ்டிரோன் என்ற வரியில் எண் சிவப்பு. பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. கீழே தடித்த எழுத்தில், எங்கள் நிபுணரிடம் பேச இங்கே தொடவும்.

அந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, எனக்கு முட்டையே வரலையாம்மா. இருபத்தோராம் நாள் டெஸ்ட்டுல இவ்வளவு கம்மியா இருந்தா அப்படித்தானாம்." தொண்டை அடைத்திருந்தது. தகவல் எப்படியோ என் சித்தி காதுக்கும் போனது. காலையிலேயே போன். "அதான் அப்பவே சொன்னேன், அவளுக்குச் சீக்கிரம் முடிச்சிரு முடிச்சிருன்னு." விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தாலும் கடைசியில் சித்தியிடம்தான் வந்து சேர்கிறது.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு விநாடிதான் பார்த்தார். "உனக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்மா?" முப்பத்து நாலு, முப்பத்தஞ்சு நாள் ஆகும் டாக்டர் என்றாள் இவள். "அப்ப இருபத்தோராம் நாள் எடுத்தா என்ன தெரியும்? அன்னைக்குத்தான் முட்டையே வெளியில வந்திருக்கும். அடுத்து வர்றதுக்கு ஏழு நாள் முன்னாடி எடுத்திருக்கணும்." இருபத்தோராம் நாள் என்பது 28 நாள் சுற்று உள்ளவளுக்குப் போட்ட கணக்காம். பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள்வரை எதுவானாலும் இயல்பு என்று காலங்காலமாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இந்த 28 எல்லோருக்கும் பொதுவாக எங்கிருந்து வந்து உட்கார்ந்ததோ! ஒரு ஆப்பில் பெண்கள் பதிந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளை 2019-ல் எண்ணிப் பார்த்தார்கள். சராசரி 29.3 நாள். ஆச்சியின் நிலா ஆப்பைவிட அப்படியொன்றும் மோசமில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1934-லேயே மாணவிகளிடம் டைரி கொடுத்து, பல வருஷம் தேதி எழுத வைத்துப் பார்த்தது. அங்கேயும் மணியடித்தாற்போல வந்தவர் என்று யாரும் இல்லை. ஒவ்வொருத்தி டைரியும் அம்மாவின் காலண்டர் மாதிரிதான், பால்காரர் புள்ளி மட்டும் இல்லாமல்.

தேதி இருக்கட்டும். ரத்தத்தில் ஓடுகிற அளவைப் பாருங்கள். மாதவிலக்கின் முதல் நாட்களில் ஈஸ்ட்ரோஜன் தரையோடு கிடக்கும். முட்டை வெளியாவதற்கு முந்தின நாள் ஐந்து ஆறு மடங்கு, சிலருக்கு அதற்கும் மேலே ஏறி நிற்கும். அடுத்த ஒன்றிரண்டு நாளில் பாதிக்கும் கீழே. புரோஜெஸ்டிரோன் முதல் பாதி முழுக்க இருக்கிற இடம் தெரியாது. பின்பாதியில் பத்து மடங்குக்கு மேல் எழும்பும். அது கீழே விழுகிற வேகத்தில்தான் கருப்பை உள்சுவர் கழன்று ரத்தமாக வருகிறது. ஆக, ஏறி இறங்குவதுதான் இதற்கு வேலையே. ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் நின்றால்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அதையும் மூளை தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரே சீராகத் திறந்துவிடுவதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் முதல் பாதியில் 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு சொட்டு ஹார்மோன் அனுப்பும். பின்பாதியில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை. 1978-ல் பிட்ஸ்பர்கில் ரீசஸ் குரங்குகளுக்கு அந்த ஹார்மோனை விட்டு விட்டுச் செலுத்தாமல் நிறுத்தாமல் செலுத்திப் பார்த்தார்கள். சுரப்பு கூடும் என்றுதானே நினைப்போம்? அடங்கிப்போனது. மணிக்கு ஒரு தடவை என்று மாற்றியதும் பழையபடி வந்தது.

பாஸ்டனில் நடந்த இன்னொரு ஆய்வைத்தான் நான் சட்டம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன். ஆரோக்கியமான பெண்களிடம் பின்பாதி நாட்களில் 24 மணி நேரமும் சில நிமிடத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 1984-ல் வெளிவந்தது. ஒரே நாளுக்குள் புரோஜெஸ்டிரோன் 2.3 வரை இறங்கியிருக்கிறது, 40.1 வரை ஏறியிருக்கிறது, பல தடவை நிமிடக் கணக்கில். 2.3 இருக்கும்போது ஹெல்மெட் பையன் வந்தால் சிவப்பு எழுத்து, அம்புக்குறி, சித்தி. டீ குடித்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

இத்தனை நுணுக்கமாக அளக்க முடிகிறதே என்பது சின்ன விஷயமில்லை. ஈஸ்ட்ரோஜனை அளக்கிற பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ரத்தத்தில் இவ்வளவு சொற்பமாக இருப்பதை எண்ணிச் சொல்லும் வழியை நியூயார்க்கில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சனோடு சேர்ந்து கண்டுபிடித்தார். மருத்துவத்தில் நோபல் வாங்கிய இரண்டாவது பெண் அவர். 1977-ல் அவருக்கு அந்தப் பரிசு கிடைத்தபோது நான் கைக்குழந்தை. எங்கள் அம்மா மாதம் மூன்று நாள் என்னை ஆச்சி மடியில் விட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் இருந்தாள். பால் கொடுக்க மட்டும் தொடலாம் என்று சலுகை. யாலோ உழைத்துக் கண்டது இன்று வாசலுக்கே வருகிறது, இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்று.

அந்த இலவசத்தில்தான் சூட்சுமம். ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் "இயல்பு அளவு" என்று போட்டிருக்கிறதே, அது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 95 பேர் அடங்குகிற எல்லை. மிச்சம் 5 பேருக்கும் ஒரு நோயும் இல்லை. வரைகிற கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 பரிசோதனை செய்துகொண்டால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கு ஒன்றாவது சிவப்பில் வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. வெறும் பெருக்கல் கணக்கு, பத்தாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். பேக்கேஜில் எழுபது எண்பது சோதனை இருக்கிறது என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். ஒரு சிவப்புகூட இல்லாமல் தப்பி வந்தவர் யார் என்று தெரிந்தால் எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு 49 ஆகிறது. இரண்டு மாதம் வராது, பிறகு இருபதே நாளில் வரும். நடு ராத்திரியில் காது மடலிலிருந்து சூடு கிளம்பி நைட்டி நனைந்துவிடும். அலுவலகத் தோழி ஒருத்தி வற்புறுத்த, நானும் சினைப்பையை வேலை வாங்க மூளை அனுப்புகிற எஃப்எஸ்ஹெச் ஹார்மோனைச் சோதித்துப் பார்த்தேன். 42 என்று வந்தது. "உங்களுக்கு நின்றுவிட்டது" என்று நிபுணர் போனில் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். பத்தே நாளில் பீரியட்ஸ் வந்தது. மூன்று மாதம் கழித்து வேறொரு காரணத்துக்காக எடுத்த ரத்தத்தில் அதே எஃப்எஸ்ஹெச் 8. இருபது வயதுக்காரியின் அளவு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணாடி பார்த்தேன், ஒரு மாற்றமும் தெரியவில்லை.

இந்த வயதில் அப்படித்தான் குதிக்குமாம். சினைப்பை சொன்ன பேச்சைக் கேட்காது. மூளை சத்தத்தைக் கூட்டும். திடீரென்று ஒரு மாதம் அது எழுந்து வேலை பார்க்கும். ஈஸ்ட்ரோஜன் இளவயதில் இருந்ததற்கும் மேலே போய் நிற்கும். அடுத்த மாதம் பாதாளம். 45 தாண்டிய பெண்ணுக்கு அறிகுறியை வைத்தே சொல்லிவிடலாம், எஃப்எஸ்ஹெச் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2015-லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் அந்தப் பரிசோதனைக்கு மட்டும் ஆண்டு முழுக்க ஆடித் தள்ளுபடி. ஆச்சி இதே வயதில் முந்தானையால் விசிறிக்கொண்டு, "நிக்கப் போகுதுல்லா, அதான் இந்தப் பாடு படுத்துது" என்று சொன்னது நினைவிருக்கிறது. பைசா செலவில்லை.

எங்கள் அலுவலகத்தில் மகளிர் தினத்துக்கு ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு எல்லாப் பெண்களும் ஊதா நிறத்தில் வர வேண்டும் என்று சுற்றறிக்கை. திரையில் படம் போட்டார். இரண்டு ஹார்மோன் கோடுகள், அம்மன் கோயில் குன்று மாதிரி வழவழவென்று ஏறி இறங்கின. எந்த நாளில் என்ன வேலை செய்ய வேண்டும் என்று அதன் கீழே அட்டவணை: இந்த வாரம் பேரம் பேசலாம், அந்த வாரம் முக்கிய முடிவு எடுக்க வேண்டாம். எனக்கு அம்மா வீட்டுத் தினசரிக் காலண்டரில் இருக்கும் ராகு காலம், எமகண்டம்தான் ஞாபகம் வந்தது. கூட்டம் முடிந்ததும் பக்கத்துப் பிரிவு சார் என்னிடம், "இப்பதான் மேடம் புரியுது, நீங்க ஏன் சில நாள் அப்படி கோபப்படுறீங்கன்னு" என்றார். அவர் மூன்று மாதமாக ஒரு கோப்பில் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார். முன்பெல்லாம் பெண் கோபப்பட்டால் வேப்பிலை அடிப்பார்கள். இப்போது ஹார்மோன் என்கிறார்கள். கோப்பு அங்கேயேதான் இருக்கிறது.

ஆண்களுக்கு மட்டும் என்ன, சமதரையா? இளவயது ஆணின் டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து, மாலைக்குள் சுமார் கால் பங்கு குறைந்துவிடும். தினமும். ஒன்பது மணிக் கூட்டத்தில் மேஜையைத் தட்டுகிறவரைப் பார்த்து யாரும் தேதியோ நேரமோ கேட்பதில்லை. மருந்து ஆய்விலும் இதே கதைதான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1977-ல், பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களை மருந்துச் சோதனையின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று சொன்னது. கருவுக்கு ஆபத்து வரலாம் என்பது காரணம். ஆய்வுக்கூடங்கள் கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டன: பெண்களின் ஹார்மோன் ஏறி இறங்கிக் கணக்கைக் குழப்பும். எலியிலும் ஆண் எலியே எடுத்தார்கள். எஃப்டிஏ தன் விதியை 1993-ல் மாற்றிக்கொண்டது. எலி விஷயம் தெளிய 2014 ஆயிற்று. 293 ஆய்வுக் கட்டுரைகளை அலசிப் பார்த்ததில், சுற்று பார்க்காமல் எடுத்த பெண் எலிகள் ஆண் எலிகளைவிட ஒன்றும் கூடுதலாக மாறவில்லை. சில விஷயத்தில் ஆண் எலிகள்தான் அதிகமாகவே மாறினவாம். சார் இந்தப் பத்தியைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

கோயில் விசேஷத்துக்கு இப்போது தாழ்வாரம் தேவையில்லை. மெடிக்கலில் மாத்திரை இருக்கிறது. திருச்செந்தூர் போகிற வாரம் மூன்று வேளையும் ஒன்று. புரோஜெஸ்டிரோன் மாதிரி வேலை செய்கிற அந்த மருந்து இருக்கிறவரை வராது. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். முன்பு பெண் விலகி நின்றாள். இப்போது ஹார்மோனை விலகி நிற்கச் சொல்கிறோம். முருகன் இரண்டு ஏற்பாட்டையும் கேட்டதாகத் தெரியவில்லை.

எள்ளுக்கும் பதவி உயர்வு. அன்று தேதி தள்ளிப்போனால் எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டையாகக் கையில் கொடுப்பார்கள். இன்று என் மகள் வீட்டு அலமாரியில் இரண்டு டப்பா: முதல் பாதிக்கு ஆளிவிதையும் பூசணி விதையும், இரண்டாம் பாதிக்கு எள்ளும் சூரியகாந்தி விதையும். ஹார்மோனைச் சமன் செய்யுமாம். சமன் செய்யும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை, விலைக்கு மட்டும் ஆதாரம் டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. நான் எள்ளை எடுத்து மிளகாய்ப்பொடிக்கு வறுத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் சிரித்துத் தள்ள முடியவில்லை. எங்கள் தெருவில் பதினைந்து வயதுப் பெண், வயதுக்கு வந்து இரண்டு வருஷம். தேதி முன்னே பின்னே வருகிறது என்று ஸ்கேனுக்குக் கூட்டிப் போனார்கள். "நீர்க்கட்டி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வயதுச் சினைப்பையில் நிறையச் சின்னச் சின்ன முட்டைப் பைகள் தெரிவது சகஜம். வயதுக்கு வந்து எட்டு வருஷம் ஆகாத பெண்ணுக்கு நீர்க்கட்டி நோயை ஸ்கேன் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது என்று 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அந்தக் குழந்தை இப்போது சோற்றைப் பார்த்துப் பயப்படுகிறது. கல்யாணம் ஆகுமா என்று அவள் அம்மா என்னிடம் கேட்கிறாள். பின்கட்டுத் தாழ்வாரத்துக்காவது நாலாம் நாள் ஒரு முடிவு இருந்தது.

நிஜமான நோயும் உண்டு. இல்லையென்று சொல்ல நான் யார்? ஆகவே ஹார்மோன் பேக்கேஜ் வாங்கப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். முதலில் டாக்டர், பிறகு ரத்தம். எந்தச் சோதனை, சுற்றின் எந்த நாளில் என்று அவர் சொல்லட்டும். மூன்று மாதம் வரவேயில்லை, மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது, எட்டு நாளுக்கு மேல் நீடிக்கிறது, முகத்தில் மீசை தாடி முளைக்கிறது என்றால் ஆப் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. அதுவரை கருத்தரிக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அந்த 12 மாதம் கழிந்தபின் ஒரு சொட்டுப் பட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், அந்த வாரமே மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுதான்.